மறுபூச்சுக்குப் பிறகு: நீர்த்தேய்ப்பும் மெருகேற்றலும்

ஸ்பிரே துப்பாக்கியிலிருந்து வெளிவந்த சாயம் கண்ணாடிபோல் சமமாக உறைவது அரிது. துளிகளாக விழும் கிளியர், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு, ஒன்றோடொன்று கலந்து படர்வதற்குள் அதிலுள்ள தின்னர் ஆவியாகிவிட்டால், மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களாக நின்றுவிடும். பட்டறைகளில் இதை ஆரஞ்சுத் தோல் என்பார்கள். அதோடு தூசி, சாயம் வழிந்த தடம், எங்கிருந்தோ பறந்துவந்து ஒட்டிக்கொண்ட பூச்சியின் கால் என்று சில்லறைக் குறைகளும் சேரும். நீரில் ஊறிய மிக நுண்ணிய மணல்தாளால் இந்த மேடுகளைச் சீவி எடுப்பது நீர்த்தேய்ப்பு. தாள் விட்டுச்சென்ற கீறல்களைக் காம்பவுண்ட் எனும் தேய்ப்புப் பசை போட்டுப் படிப்படியாக அழித்துப் பளபளப்பை மீட்பது மெருகேற்றல். இரண்டுமே சாயத்தைக் குறைத்துத்தான் அழகைத் தருகின்றன. ஆகவே எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதே இந்த வேலையில் பாதித் திறமை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வேலைக்கு எப்போதும் தேவை உண்டு. சான் சோவ் லின், செகாம்புட், கிள்ளானின் மேரு போன்ற இடங்களில் தட்டிச் சாயம் அடிக்கும் பட்டறைகள் பல. மூடிய ஓவன் வைத்திருப்பவையும் உண்டு. தகரக் கூரையின் கீழ் கென்வாஸ் திரையைத் தொங்கவிட்டு அடிப்பவையும் உண்டு. பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 32, 33 பாகையைத் தொடுகிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இந்தச் சூட்டில் விரைவாகக் காயும் தின்னரைக் கலந்தால் சாயம் படர நேரமே கிடைக்காது, ஆரஞ்சுத் தோல் கனத்துவிடும். அதே தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கும். அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து, குறிப்பாக ஹார்டனர் கலக்காத சாயங்களில், பால் படர்ந்ததுபோல் வெளுப்பு ஏறும். மெதுவாகக் காயும் தின்னரைத் தேர்ந்தெடுத்தாலே தேய்க்கும் வேலை பாதியாகக் குறையும். ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் தவறாமல் மழை பிடிக்கும். மழை விட்டபின் விளக்கைப் போட்டுக்கொண்டு திறந்த பட்டறையில் அடித்தால் ஈசல் வந்து ஈரக் கிளியரில் விழும். 1997, 2015 போன்ற ஆண்டுகளில் சூழ்ந்த புகைமூட்டத்தின்போது திறந்த இடத்தில் சாயம் அடிக்காமல் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

கையிருப்பு எவ்வளவு

தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்த தடிப்பு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த மொத்தத்தில் கிளியரின் பங்கு 35 முதல் 50 மைக்ரான்தான். பட்டறையில் இரண்டு கோட் கிளியர் அடித்தால் சுமார் 50, 60 மைக்ரான் கிடைக்கும். ஆரஞ்சுத் தோலை முழுவதும் தேய்த்துச் சமனாக்கும்போது அதில் 10, 15 மைக்ரான் போய்விடலாம். பின்னால் வரும் காம்பவுண்ட் வேலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுக்கும். ஆகவே கார் நீர்த்தேய்ப்புக்கு வரப்போகிறது என்றால் அதைச் சாயம் அடிக்கும் முன்பே பட்டறையில் சொல்லி, மூன்றாவது கோட் கிளியர் கேட்டு வாங்க வேண்டும்.

கிளியரில் கலந்திருக்கும் புற ஊதா உறிஞ்சிகள்தான் அடியிலுள்ள நிறத்தை வெளுக்காமல் காக்கின்றன. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை எல்ஆர்டி நிலையத்தின் திறந்த கார் நிறுத்தத்தில் நிற்கும் வாகனத்தின் கூரையும் பானெட்டும் படும் பாடு கொஞ்சமல்ல. அங்கே கிளியரை மெலிதாக்கிவிட்டால் அன்று கண்ணாடிபோல் மின்னும், சில ஆண்டுகளில் வெண்மையாகப் பொரிந்து உரியத் தொடங்கும். கூரை, பானெட், பூட் ஆகிய படுக்கைவாட்டுப் பேனல்களில் குறைவாகவும், கதவு, ஃபெண்டர் போன்ற செங்குத்துப் பேனல்களில் சற்று தாராளமாகவும் தேய்க்கலாம் என்பது இதிலிருந்து வரும் விதி. பலர் செய்வது இதற்கு நேர்மாறு. பானெட்தான் கண்ணில் படுகிறது என்று அதையே திரும்பத் திரும்பத் தேய்ப்பார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஷோரூமில் நிற்கும் புதிய காரின் கதவில் டியூப் லைட்டின் பிம்பத்தை உற்றுப் பார்த்தால் அதன் ஓரம் நெளிவது தெரியும். தொழிற்சாலைச் சாயத்திலும் லேசான ஆரஞ்சுத் தோல் உண்டு. ஒரே ஒரு கதவுக்கு மறுசாயம் அடித்து, அதை மட்டும் துளி நெளிவில்லாமல் தேய்த்து வைத்தால், பக்கத்துப் பேனலோடு ஒட்டாமல் அதுவே ‘இங்கே அடிபட்டது’ என்று காட்டிக்கொடுக்கும். பக்கத்துப் பேனலின் நெளிவு அளவுக்கு வந்ததும் நிறுத்துவதே சரியான முடிவு.

சாயத்தை அறிதல்

தாளைத் தொடுவதற்கு முன் இரண்டு சோதனைகள் தேவை. முதலாவது, சாயம் ஹார்டனர் கலந்த 2கே வகையா, கேனிலிருந்து நேரடியாக அடித்த 1கே வகையா என்பது. கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால், நன்றாக இறுகிய 2கே கரையாது. 1கே இளகிப் பிசுபிசுக்கும். 1கே கிளியர் மெல்லியது, சூட்டுக்கு இளகுவது. அதில் இயந்திரம் வைப்பதைத் தவிர்த்து, 2500 எண் தாளும் கையும் போதும் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மேலே கிளியர் இருக்கிறதா என்பது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் தொட்டு மறைவான இடத்தில் தேய்த்தால், காரின் நிறம் துணியில் ஏறினால் அது கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு. பழைய கார்களிலும் லாரிகளிலும் இதை இன்னும் காணலாம். அங்கே தேய்க்கும்போது நீர் நிறமாவது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. மெட்டாலிக், பியர்ல் நிறங்களில் கதை வேறு. அவற்றில் கிளியர் தேயும்வரை நீர் வெண்பாலாக ஓடும். அது காரின் நிறத்துக்கு மாறிய கணமே கிளியர் தீர்ந்துவிட்டது என்று பொருள். நிறப்பூச்சைத் தொட்ட மெட்டாலிக்கில் அலுமினியத் துகள்களின் கிடை கலைந்து கறைபோல் நிற்கும். அதை மெருகேற்றி மறைக்க வழியில்லை, பேனலை மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

தடிப்பு அளக்கும் கருவி கையில் இருந்தால் நல்லது. ஆனால் அது காட்டுவது எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்தம். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவை இன்று மீட்டெடுப்பவரின் கையில் அது 300 மைக்ரான் என்று காட்டலாம். அதில் பெரும்பகுதி முந்தைய உரிமையாளர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பழைய சாயமும் பட்டியும்தான். மேலே கிளியர் எத்தனை என்பதை அந்த எண் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலையே செய்யாது.

எவ்வளவு காத்திருப்பது

2கே கிளியர் 60 பாகை ஓவனில் அரை மணி நேரம் சுடப்பட்டிருந்தால், ஆறியபின் ஓர் இரவு விட்டு மறுநாள் தேய்க்கலாம். வெளிக்காற்றில் காய்ந்ததற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் தேவை. கோட் கனமாக இருந்தாலோ விடாமல் மழை பெய்தாலோ இன்னும் கூடுதல். டின்னோடு தரப்படும் தயாரிப்பாளரின் தகவல் தாளில் உள்ள நேரமே இறுதியானது. அவசரப்பட்டுத் தேய்த்தால் உள்ளே தங்கிய தின்னர் பின்னால் வெளியேறும். மேற்பரப்பு சுருங்கி, மெருகேற்றிய பளபளப்பு இரண்டு வாரத்தில் மங்கிவிடும். மாதக்கணக்கில் விட்டாலும் தொல்லைதான். கிளியர் கல்லாக இறுகி, அதே கீறலை அழிக்க இரட்டிப்பு நேரம் பிடிக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது, மூக்கருகே வைத்தால் தின்னர் வாடை வரக்கூடாது: இந்த இரண்டும் சரியாக இருந்தால் தொடங்கலாம்.

தாளும் வாளியும்

ஈரத்தில் பயன்படும் மணல்தாள் கார்த் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த பொருள். பிலடெல்பியாவைச் சேர்ந்த மை தயாரிப்பாளரான ஃபிரான்சிஸ் ஓக்கி உருவாக்கியதை 1921-இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரை உலர்ந்த தாளால் தேய்த்த சாயப் பட்டறைத் தொழிலாளிகள் ஈயம் கலந்த தூசியைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள். நீர் அந்தத் தூசியைப் பிடித்துக்கொண்டது, கீறலும் சீரானது. இந்தத் தாளைச் சோதித்துப் பார்க்கக் கார்ப் பட்டறைக்குப் போன இளம் ஊழியர் ரிச்சர்ட் டுரூ, இரட்டை நிறம் அடிக்கும் தொழிலாளிகளின் அவதியைக் கண்டு 1925-இல் மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடித்தார். நீர்த்தேய்ப்பில் இன்றும் பக்கத்துணையாக இருப்பவை இந்த இரண்டும்தான்.

ஹார்ட்வேர் கடையில் ‘கெர்த்தாஸ் பாசிர்’ என்று கேட்டால் மரவேலைத் தாளையும் எடுத்து நீட்டுவார்கள். இங்கே வேண்டியது கறுப்பான சிலிக்கான் கார்பைடு பூசிய நீர்த்தாள். எண்ணைப் பார்க்கும்போது அதன் முன்னால் ‘பி’ எழுத்து இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அது ஐரோப்பிய அளவு. அதன்படி 1000 எண் தாளின் துகள் சராசரியாக 18 மைக்ரான், 1500-இல் 12.6, 2000-இல் 10.3, 2500-இல் 8.4. பழைய அமெரிக்க அளவில் 1000 எண்ணின் துகளே சுமார் 9 மைக்ரான்தான், அதாவது ஐரோப்பிய 2000-க்கும் 2500-க்கும் இடையில் நிற்கும். இரண்டையும் கலந்து வாங்கியவர் 2000-க்குப் போனபின்னும் ஆழக்கீறல் ஏன் போகவில்லை என்று குழம்புவார்.

ஆரஞ்சுத் தோல் கனமாக இருந்தால் 1500-இல் தொடங்கி 2000, 2500 அல்லது 3000 என்று போகலாம். ஓரளவு நல்ல பூச்சுக்கு 2000-இல் தொடங்குவதே போதும். 1000 எண்ணை முழுப் பேனலில் போடுவது அனுபவமுள்ள கைக்கு மட்டும்.

தாளைத் தேவையான அளவுக்கு வெட்டி, குறைந்தது கால் மணி நேரம் நீரில் ஊறவிட வேண்டும்; ஓரங்கள் இளகாத தாள்தான் வில் போன்ற ஆழக்கீறலைப் போடுகிறது. வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் சில துளி கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் தாளை அலசச் சுத்தமான நீர். ஆயர் சிலாங்கூரின் தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்த வாரத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது உத்தமம். பாதியில் குழாய் நின்றால் பேனலில் காய்ந்த சாயச் சேற்றைக் கழுவ வழியிருக்காது.

தேய்த்தல்

காரை முதலில் நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் துகள்களைக் களிமண் கட்டியால் வருடி எடுக்க வேண்டும். போர்ட் கிள்ளான் பக்கம் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரப் பட்டறையிலிருந்து வந்த கார் என்றால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. ஒரே ஒரு மணல் தாளுக்கடியில் சிக்கினால் போதும், அதுவரை செய்த வேலை வீண். பின்பு பேனல் ஓரங்கள், உடல்மடிப்புக் கோடுகள், கைப்பிடிக் குழிகளின் விளிம்புகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். சாயம் ஈரமாக இருக்கும்போதே கூர்முனைகளிலிருந்து விலகி ஓடும். அங்கே கிளியர் இயல்பிலேயே மெல்லியது. நடுப்பேனலில் நூறு முறை தேய்த்தாலும் தாங்கும் சாயம், மடிப்பில் பத்து முறைக்குத் திறந்துகொள்ளும்.

இடம் நிழலாக இருக்க வேண்டும். டெரஸ் வீட்டுப் போர்ச், காலை நேரம், இரண்டும் சேர்ந்தால் வசதி. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்தத்தில் நீர் விட்டு வேலை செய்ய நிர்வாகங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

தாளை மென்மையான ரப்பர் அல்லது ஸ்பாஞ்சுக் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் பிடித்தால் அழுத்தம் விரல்நுனிகளில் குவிந்து நான்கு வாய்க்கால்கள் உண்டாகும். அவை காம்பவுண்ட் போட்டபின்தான் தெரியவரும். அழுத்தம் கட்டையின் எடையோடு கொஞ்சம், அவ்வளவே. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், ஒரே திசையில், ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் நின்று தேய்ப்பது முறை. அடுத்த எண்ணுக்கு மாறும்போது திசையைக் குறுக்காகத் திருப்ப வேண்டும். அப்போதுதான் முந்தைய தாளின் கீறல் போய்விட்டதா, இன்னும் குறுக்கே நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தாள் திடீரென்று இழுத்துப் பிடித்தால் அடியில் சாயக் குருணை உருண்டிருக்கிறது, உடனே நிறுத்தி அலச வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு ஒரு முறை ரப்பர் வடிப்பானால் நீரை வழித்துவிட்டுப் பார்ப்பது அவசியம். ஈரத்தில் எல்லாச் சாயமும் அழகாகத்தான் தெரியும், காய்ந்தால்தான் உண்மை வெளிப்படும். சீவப்பட்ட மேடு மங்கிய வெண்மையாகவும், தாள் தொடாத பள்ளம் மினுக்கும் புள்ளியாகவும் நிற்கும். மினுக்கங்கள் குறையக் குறையச் சமனாகிறது என்று பொருள். ஒவ்வொரு கடைசிப் புள்ளியும் போகும்வரை தேய்ப்பதுதான் கிளியர் திறந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் எஞ்சும்போதே அடுத்த எண்ணுக்குப் போய்விட வேண்டும். மெருகேறிய பின் அவற்றை யாரும் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வழிந்து உறைந்த தடத்துக்கு மட்டும் தனி உத்தி உண்டு. தடிப்பு அதிகம் என்பதால் அது உள்ளே காய மற்ற இடத்தைவிடச் சில நாள் கூடுதலாக எடுக்கும். காய்ந்ததும் அதன் இருபுறமும் டேப் ஒட்டி, நேரான பிளேடை நிமிர்த்திப் பிடித்து, தடத்தின் முகட்டை மட்டும் இழை இழையாகச் சுரண்ட வேண்டும். சுற்றியுள்ள மட்டத்துக்கு ஓர் இழை மேலே நிற்கும்போது பிளேடை வைத்துவிட்டு, சின்னக் கட்டையில் 1500 தாளைச் சுற்றி முடிக்கலாம். ஒற்றைத் தூசிப் புள்ளிக்கும் அழிப்பான் அளவுக் கட்டையும் 2000 தாளும் போதும். ஒரு புள்ளிக்காக முழுப் பேனலைத் தேய்ப்பது வீண் செலவு.

வாளியில் சேரும் வெள்ளைச் சேறு சாயமேதான். கால்வாயில் ஊற்றினால் அது நேரே கிள்ளான் ஆற்றுக்குப் போகும். ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை வடித்து, அடிவண்டலைக் காயவைத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்தலாம். பட்டறை நடத்துபவருக்கு இது விருப்பத்தைச் சேர்ந்ததல்ல. சாயக் கசடு 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளுக்கு உட்பட்டது.

மெருகேற்றுதல்

பேனலை முழுவதும் கழுவித் துடைத்து, வாளிகளையும் ஈரத்தையும் அப்புறப்படுத்திய பிறகே மின்கருவியை எடுக்க வேண்டும். தரை காய்ந்திருக்க வேண்டும். மின்கம்பி தோளின்மேல் பின்பக்கமாகச் செல்ல வேண்டும். முன்னால் தொங்கும் கம்பி சுழலும் பேடில் சிக்கிக்கொள்ளும்.

சுழலும் இயந்திரங்கள் இருவகை. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி விரைவாக வெட்டும், அதே விரைவில் எரித்தும் விடும். சுழன்றுகொண்டே அலையும் இரட்டை இயக்கக் கருவி மெதுவானது; முதன்முறை செய்பவருக்கு அதுவே ஏற்றது. 2500, 3000 எண்வரை தேய்த்திருந்தால் அந்தக் கீறலை அதுவே அழித்துவிடும். 1500-இல் நிறுத்தியவருக்குத்தான் ரோட்டரியும் கம்பளிப் பேடும் தேவைப்படுகின்றன. கடைசித் தாளில் செலவிடும் கால் மணி நேரம் இங்கே ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பேடில் நான்கைந்து பட்டாணி அளவு காம்பவுண்ட் வைத்து, இயந்திரத்தை ஓட்டாமல் பேனலில் ஒற்றிப் பரப்பிவிட்டு, குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். ரோட்டரியில் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று போதுமானது. கை நகரும் வேகம் நிதானமாக, பேட் தட்டையாக, ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூடியபடி செல்ல வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைச் சூடு தீர்மானிக்கும். புறங்கையைப் பேனலில் வைத்து நிதானமாக வைத்திருக்க முடிந்தால் தொடரலாம். எடுக்கத் தோன்றினால் வேறு பக்கம் போய்விட வேண்டும். வெயிலில் நின்ற பேனல் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருப்பதால் காம்பவுண்ட் அதில் பட்டவுடன் காய்ந்து பொடியாகும், பேட் இழுபடும், சாயம் எரியும். இரும்புப் பேனல் சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பம்பரால் அது முடியாது. ஆகவே பம்பரில் வேகம் குறைவு, நேரமும் குறைவு. விளிம்புகளில் ஒட்டிய டேப்பை இந்தக் கட்டத்திலும் எடுக்காமல் வைத்து, கடைசியில் அந்தக் கோடுகளைக் கையால் மெருகேற்றிக்கொள்ளலாம்.

கம்பளிக்குப் பின் ஃபோம் பேட், கரடுமுரடான காம்பவுண்டுக்குப் பின் மென்மையான பாலிஷ். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பேட், தனி மைக்ரோஃபைபர் துணி. கம்பளி விட்டுச்செல்லும் சுழல் நிழல்கள் போர்ச் நிழலில் தெரியாது. வெயிலில் நிறுத்தினாலோ, இரவில் பெட்ரோல் நிலையத்தின் விளக்கடியில் நின்றாலோ கறுப்புக் காரில் எண்ணெய்ப் படலம்போல் புரண்டு தெரியும். ஆகவே ஒவ்வொரு படிக்கும் பின் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்ப்பதோடு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நீரில் கலந்து துடைத்தும் பார்க்க வேண்டும். மலிவான பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் நிரப்பிகளும் கீறலை மூடி மறைக்கின்றன; இரண்டு தடவை கழுவியதும் கீறல்கள் திரும்பி வந்துவிடும். காரைப் பெற்றுக்கொள்ள வருபவரும் இந்தத் துடைப்பைக் கேட்டு வாங்கலாம், நல்ல பட்டறை மறுக்காது. சிலிக்கான் கலந்த பொருள்களைச் சாயம் அடிக்கும் இடத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதன் துளி படிந்த பேனலில் அடுத்து அடிக்கும் சாயம் மீன்கண்போல் குழி குழியாக விலகி நிற்கும்.

முதல் இரண்டு மாதம்

காற்றில் காய்ந்த கிளியர் முழுமையாக இறுக வாரங்கள் ஆகும். அதுவரை, பொதுவாக 30 முதல் 60 நாள், மெழுகும் சீலண்டும் போடாமல் வைப்பது வழக்கம். ஓவனில் சுட்டதற்குக் காத்திருப்பு குறைவு. இந்தக் காலத்தில் வெறும் நீரும் ஷாம்புவும் மென்துணியும் மட்டும். தூரிகை சுழலும் தானியங்கிக் கார்வாஷுக்குள் நுழையக்கூடாது. பறவை எச்சத்தை வெயில் ஏறுமுன் நனைத்து எடுத்துவிட வேண்டும். உலர்ந்ததைச் சுரண்டினால் கீறல், விட்டுவைத்தால் அரிப்பு. பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களில் நிழலுக்காக மரத்தடியில் நிறுத்துபவர்கள் இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் வேறு இடம் தேடுவது நல்லது.

சாயம் அடித்த கையோடு கோயிலில் வாகன பூஜை செய்வது வழக்கமாக இருந்தால், சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் பானெட்டில் நேரடியாகப் படாமல் முன்கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கச் சொல்லலாம். தவறிப் பட்டுவிட்டால் காயவிடாமல் அன்றே ஏராளமான நீரூற்றிக் கழுவ வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் குங்குமப் பொடியின் துகள்களே கீறலைப் போட்டுவிடும்.